மாணவி எக்ஸின் தாயார்

காலை பதினொன்று பதினேழு. இந்த நேரத்தை நான் குறித்துவைக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்த வெளித்தேர்வாளர் தம் தாளில் இப்படி எழுதியிருந்தார்: "11.17 - மாணவி ஒருவர் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வகுப்பைவிட்டு வெளியே செல்கிறார். பாடத்தின் பகுதி. இயல்பாக இருந்தது. நன்று."

அந்த மாணவி என் மகள் கயல். அது பாடத்தின் பகுதி அல்ல.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கல்லூரியில் கேட்டார்கள். பெரம்பலூரில் இருபத்துநான்கு ஆண்டுகள், பட்டப்படிப்போடு சேர்த்துச் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சியும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவள் நான். தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது எப்படி, கற்றல் கருவி செய்வது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது அந்தப் பதினொன்று பதினேழுதான். ஓராண்டுக்கு மேலாகியும் அந்த நேரம் வந்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. சிரித்துக்கொண்டே எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது எழுத்து நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நடந்தது அரியலூரில் ஒரு சிறப்புப் பள்ளியில். எங்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு மூன்று மாதக் கற்பித்தல் பயிற்சி அங்கேதான். கயலும் அதே பள்ளியில்தான், தொழிற்பயிற்சிப் பிரிவில். வயது பத்தொன்பது. டவுன் சிண்ட்ரோம். காகித உறை ஒட்டுவதில் அந்தப் பிரிவிலேயே வேகமான கை அவளுடையது. காலையில் பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் பள்ளி வேன் வரும். மாலையில் அதே வேன் என் கணவரின் உரக்கடையில் இறக்கிவிடும். வேனில் ஆயாம்மா உண்டு, சீட் பெல்ட் உண்டு, காலையில் வேன் கிளம்பியதும் டிரைவருக்கு நான் போடும் போனும் உண்டு. இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கயல் இருக்கும் வகுப்பில் நான் இருக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அவளிடம் யாராவது கேள்வி கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் என் உதடு அசைந்துவிடும். அதனால் அன்று அவளையும் சேர்த்து ஆறு பிள்ளைகளுக்கு ரஞ்சனி பாடம் நடத்தப்போகிறாள் என்று தெரிந்ததும், நான் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டேன். வெளித்தேர்வாளருக்கு வடை சூடாக வர வேண்டுமே என்பதுதான் அப்போது என் பெரிய கவலை.

ரஞ்சனி செந்துறைப் பெண். கேள்வி கேட்டே ஆளைச் சாய்ப்பாள். அவளுடைய தேர்வுப் பாடம் 'பேருந்துப் பயணம்'. நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, அட்டையில் பெரம்பலூர் என்று எழுதி முன்னால் தொங்கவிட்டு, வாயில் விசிலுடன் அவளே கண்டக்டர்.

தேர்வுப் பாடத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. உங்களிடமும் இருக்கும், இல்லையென்று என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஒரு பயிற்சி மாணவி 'பழங்கள்' பாடத்தை நான்கு நாள் ஒத்திகை பார்த்திருந்தாள். தேர்வன்று மாம்பழம் கிடைக்கவில்லை. பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து "இது என்ன?" என்றாள். வகுப்பே ஒரே குரலில் "மாம்பழம்!" என்றது. பிள்ளைகள்மேல் தப்பே இல்லை. நாங்கள் கற்றுக்கொடுத்தது பழத்தை அல்ல. முதல் கேள்விக்கு முதல் பதிலை.

ஆகவே ரஞ்சனியின் பாடத்தையும் மூன்று முறை ஒத்திகை பார்த்தாயிற்று. "பெரம்பலூர் பஸ் வந்துருச்சு! யாரெல்லாம் ஏறப்போறீங்க?" என்று அவள் கேட்பாள். கயல் முதலில் எழுந்து முதல் நாற்காலியில் உட்கார வேண்டும். தேர்வன்று ரஞ்சனி கேட்டாள். கயல் எழுந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். ரஞ்சனியைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்து ரஞ்சனி விசிலை ஊதிப் பஸ்ஸை எடுத்துவிட்டாள். எதிரே எக்ஸ்டர்னல் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பயிற்சி மாணவியும் அதைத்தான் செய்திருப்பாள்.

பதினொன்றரை தாண்டி வெளித்தேர்வாளர் அறைக்கு வந்தார். உயரமான மனிதர், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. வடையைக் கடித்தார்.

"அந்தப் பொண்ண எறங்கிப் போக வெச்சது யாரு ஐடியாங்க மேடம்? நாப்பது பரீட்சை பார்த்திருக்கேன். எல்லா புள்ளையும் நாற்காலிலதான் உக்காரும். இது ஒன்னுதான் நெஜ பஸ்ஸுக்குப் போற மாதிரி போச்சு."

"எந்தப் பொண்ணு சார்?"

"நீலப் பை. ரெட்டைச் சடை."

இரட்டைச் சடை நான் பின்னியது. நீலப் பை நான் வாங்கியது. அதன்பின் ஓடியதில் யார் கால் எது மேல் பட்டது என்று நினைவில்லை; வடைத்தட்டு கவிழ்ந்தது மட்டும் தெரியும்.

கழிப்பறையில் இல்லை. உறை ஒட்டும் அறையில் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"கயலா? அது போயி கால் மணி ஆச்சுங்க மேடம்."

"போச்சுன்னா? எங்க போச்சு? தனியா எப்படி விட்டீங்க?"

"பஸ்ஸுக்குப் போறேன்னுச்சு. தெனமும் போற புள்ளதான? டாட்டா காட்டிட்டுதான் போச்சு."

"தினமுமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் ஓடிவந்து நின்ற ரஞ்சனியைப் பார்த்தார். "நான் ஒன்னும் சொல்லலம்மா" என்று அவளிடம் சொன்னார்.

நம் தொழிலில் ஒரு கண்டம் உண்டு. பிள்ளை காணாமல் போன ஐந்தாவது நிமிடத்தில், யார்மீது தப்பு என்று கண்டுபிடிக்கும் வெறி வரும். அது வந்தால் தேடுவது நின்றுவிடும். அன்று எனக்கு அது முழுமூச்சாக வந்தது. ரஞ்சனியின் கையைப் பிடித்து உலுக்கினேன். ஆசிரியராக இருந்த இத்தனை ஆண்டில் ஒரு மாணவியின்மேல் நான் கை வைத்தது அந்த ஒரு முறைதான். அதை மறைக்க விரும்பவில்லை.

"சொல்லு. என்ன நடக்குது இங்க?"

அவள் அழவில்லை. அவசரமாகச் சொன்னாள். "மேடம், கேஸ் ஸ்டடி மேடம். என் கேஸ் கயல்தான். மூனு மாசமா மூனு நாப்பது பஸ்ல பெரம்பலூர் கூட்டிட்டுப் போறேன். எப்படியும் எனக்கும் ஹாஸ்டல் அங்கதான? மொதல்ல பக்கத்துல உக்காந்தேன். அப்புறம் பின் சீட்டு. இப்ப கடைசி சீட்டு. எறங்கி ரோடு தாண்டறப்ப மட்டும் பத்தடி தள்ளி நிப்பேன். தனியா ஒருநாளும் விட்டதில்ல மேடம். சத்தியமா."

"யார்கிட்ட கேட்ட?"

"சார் கையெழுத்துப் போட்டாங்க."

"எந்த சார்?"

"கயலோட அப்பா."

கணவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் உரமூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே மெதுவாக, "மூனு நாப்பதுக்குத்தான வரும்? இன்னிக்கு ஏன் சீக்கிரம்?" என்றார். மூன்று மாதமாக என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் பேசுகிற பேச்சு இது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையாங்க?"

"சொன்னா விட்டிருப்பியா?" என்றார். "நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். நீ அங்கேருந்து பாத்துக்கிட்டே வா."

இதற்குள் வெளித்தேர்வாளர் ரஞ்சனியின் கேஸ் ஸ்டடி ரெக்கார்டை எடுத்து வந்துவிட்டார். மதிப்பெண் போட அவரிடம்தான் இருந்தது. "மேடம், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஆய்வில் வரும் பிள்ளையின் பெயரையும் ஊரையும் மறைத்து எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நானே. ரஞ்சனி நன்றாகக் கற்றிருந்தாள். கயல் 'மாணவி எக்ஸ்' ஆகியிருந்தாள். அரியலூர் ஜெயங்கொண்டம் ஆகியிருந்தது. உரக்கடை முந்திரிக்கடை ஆகியிருந்தது. நான் மட்டும் அப்படியே இருந்தேன்: "மாணவி எக்ஸின் தாயார் நன்கு படித்தவர். எனினும் மகளை வாசல் தாண்டித் தனியே அனுப்பமாட்டார். பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவிடமாட்டார். கூட்டத்தில் கையை விடமாட்டார். மகளுக்குப் பத்தொன்பது வயதாகியும் சடை பின்னிவிடுகிறார்."

அதன் ஓரத்தில் சிவப்பு மையில், என் கையெழுத்தில்: "பயிற்சி முதலில் இந்தத் தாய்க்குத்தான் தேவை. யாராவது இவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்." கீழே: "மிக நன்று. உதவியைப் படிப்படியாக விலக்குக."

இருபத்திரண்டு ரெக்கார்டுகளை மூன்று நாளில் திருத்தினால் இப்படித்தான் ஆகும் என்று உங்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரிகளை நான் அவசரத்தில் எழுதவில்லை. நிதானமாக, ரசித்து எழுதினேன். அந்தத் தாயார்மேல் எனக்கு எரிச்சல் வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதமாகக் கயல் வீட்டில் ஒரு புது வேலை செய்துகொண்டிருந்தாள். பல் தேய்த்ததும் காற்றில் விரலால் ஒரு டிக் போடுவாள். தட்டு கழுவினால் ஒரு டிக். நான் போய் உதவினால் முகத்தைச் சுளித்து, காற்றில் பெருக்கல் குறி போடுவாள். புது நடத்தைச் சிக்கல் என்று முடிவு செய்து, இரண்டு வாரம் தாளில் குறித்தேன். நடத்தை: காற்றில் கோடு போடுதல். எத்தனை முறை: ஒன்பது, பதினொன்று, பத்து. அதற்கு முன் நடந்தது: தாய் உதவியது, தாய் உதவியது, தாய் உதவியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காரணம் புரியவில்லையே என்று நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கப்போனவள் நான். உங்களுக்கு இரண்டு தலைமுறை மாணவர்களை உருவாக்கிக் கொடுத்தவள்.

ரஞ்சனி அட்டவணையைக் காட்டினாள். பள்ளி கேட்டிலிருந்து உரக்கடை வரை பதினான்கு படிகள். யார் உதவியும் இல்லாமல் செய்தால் டிக். யாராவது கை கொடுத்தால், வாயால் சொன்னால்கூட, டிக் கிடையாது. தினமும் இறங்கியதும் கயலே பேனாவை வாங்கிப் போட்டுக்கொள்வாளாம். பதின்மூன்று, சாலையைக் கடப்பது. பதினான்கு, கடைக்குள் போய் "வந்துட்டேன்" என்று சொல்வது. கடைசி இரண்டு கட்டமும் காலியாக இருந்தன: சாலையில் தினமும் யாராவது கையைப் பிடித்துவிடுவார்களாம், கடை வாசலில் அவள் அப்பா முந்திக்கொண்டு பேசிவிடுவாராம்.

"நேத்து கேட்டுச்சு மேடம், எப்போ பதினாலு டிக்கும் வாங்கறதுன்னு. பரீட்சை அன்னிக்கின்னு சொன்னேன். பரீட்சை முடிஞ்சு சாயந்தரம்னு சொல்லல." ரஞ்சனி அந்தக் காலிக் கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்கு நானே வேற பெரம்பலூர் பஸ் வந்துருச்சுன்னு கத்திட்டேன்."

தலைமையாசிரியை காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். வெளித்தேர்வாளர் வந்த கார் வாசலில் நின்றிருந்தது, அதில் ஏறினோம். அவர் முன்சீட்டில் ரெக்கார்டோடு உட்கார்ந்தார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. "எனக்கு இன்னும் ஏழு பேருக்குப் பரீட்சை இருக்கு" என்று மட்டும் பொதுவாகச் சொன்னார்.

அரியலூர் பஸ் நிலையத்தில் பூக்காரம்மாவிடம் ரஞ்சனி விசாரித்தாள். "உங்கூட வருமே, அந்தப் பாப்பாதான? போர்டப் படிச்சுது. அப்புறம் கண்டக்டர பெரம்பலூர் போவுமான்னு கேட்டுச்சு. அவரு தலைய ஆட்டுனாரு. அது விடல. வாயத் தொறந்து சொல்லுங்கன்னுச்சு. அப்புறம் ஏறுச்சு. இப்பதான் போவுது பஸ்ஸு."

"ஆறாவது படி மேடம்" என்றாள் ரஞ்சனி மெதுவாக. அந்த நேரத்தில் அவள் படிகளை எண்ணிக்கொண்டிருந்தது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரியலூர் - பெரம்பலூர் சாலை உங்களுக்குத் தெரியும். சிமென்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெள்ளைப் புழுதியோடு. ஒவ்வொரு லாரியைப் பார்க்கும்போதும் நான் ஒரு விபத்தைப் பார்த்தேன். நடுவில் எந்த ஊரிலாவது இறங்கிவிட்டால்? யாராவது கூப்பிட்டு அவள் போய்விட்டால்? பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பட்டியலை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இந்தப் பயங்களை அசட்டுத்தனம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவை உண்மையானவை. உங்களிடம் வரும் பெற்றோர் பயப்படும்போது, புத்தகத்தில் படித்த ஒரு வார்த்தையை எடுத்து அவர்மேல் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன், அது யார்மேல் போய் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தீர்களே.

பேரளிக்கு முன்னால் பஸ்ஸைப் பிடித்தோம். பக்கத்தில் போனபோது பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கை உள்ளே. காற்றில் ஒரு சடை அவிழ்ந்து பறந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயதில் முதல்முறையாக என் மகளை வெளியிலிருந்து ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கும் யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தாள்.

"பஸ்ஸ நிறுத்துங்க" என்றேன்.

பெரிய மனதோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. நிறுத்தச் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். எங்கள் டிரைவர் ஹாரனை அமுக்கினார். நாங்கள் முந்திப்போக வழி கேட்கிறோம் என்று நினைத்துப் பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டிப் போ போ என்று காட்டினார். குறுக்கே காரைப் போடவா என்று எங்கள் டிரைவர் கேட்டார்.

முன்சீட்டிலிருந்து வெளித்தேர்வாளர்தான் பேசினார். "ஓடற பஸ்ஸுக்குக் குறுக்க காரப் போட்டா, உள்ள இருக்கற எல்லாருக்கும் ஆபத்து மேடம். அந்தப் பொண்ணுக்கும்தான். உக்காந்துதான இருக்கு? நாம முன்னாடி போயிடுவோம்." பிறகு டிரைவரிடம், "கொஞ்சம் குலுங்காம ஓட்டுங்க, எழுத முடியல" என்றார்.

பஸ்ஸுக்குக் கால் மணி முன்னால் பெரம்பலூர் வந்துவிட்டோம். என் கணவர் பஸ் நிலைய வாசலில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது. நடுவில் சாலை.

"நான் போயி பஸ்லேருந்து எறக்கிக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

"மேடம்" என்றாள் ரஞ்சனி. "நீங்க எனக்கு ஹெச்.ஓ.டி. நான் உங்க ஸ்டூடண்ட். இன்னியோட என் டிகிரி போனாலும் போவட்டும். நான் அது பக்கத்துலேயே, தெரியாத மாதிரி நடந்து வரேன். வண்டி ஏதாவது வேகமா வந்தா நானே இழுத்துடுவேன். ஆனா நீங்க போயி கையப் புடிச்சீங்கன்னா, நாளைக்கு அது வூட்ட வுட்டு எறங்காது. மூனு மாசம் போச்சு."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பயிற்சி தந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு பையன் சட்டைப் பொத்தான் போடப் பழகிக்கொண்டிருந்தான். அவன் விரல் தடுமாறும்போதெல்லாம் என் கை முன்னால் போகும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துப் பின்னால் கட்டவைத்தார். "அப்படியே நில்லு. உன் கைக்குத்தான் இப்ப பாடம்" என்றார். அவன் ஒரு பொத்தான் போட்டு முடிக்கும்வரை நின்றேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் இதைச் சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் கையைப் பின்னால் கட்டி நிற்கவைப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். என் பட்டப்பெயரே 'கைகட்டி மேடம்' என்று எனக்குத் தெரியும், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று நினைவில்லை. ரஞ்சனி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடைமேடைப் பக்கம் போனாள். நானும் கணவரும் வெளித்தேர்வாளரும் சாலையைக் கடந்து, கடைக்குப் பக்கத்தில் நின்ற கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்தோம். இரண்டு நடுத்தர வயது ஆட்களும் கோட்டு போட்ட ஒரு மனிதரும் குனிந்து நிற்பதைப் பார்த்து கரும்புக்காரர், "மூனு ஜூஸாங்க?" என்றார். வெளித்தேர்வாளர் ஒன்று வாங்கிக்கொண்டார்.

பஸ் வந்தது. கூட்டம் இறங்கியது. கயல் கடைசியாக இறங்கினாள். பின்வாங்கும் பஸ்களுக்குப் பின்னால் போகாமல் சுவரோரமாக வந்தாள். ரஞ்சனி நாலடி தள்ளி வந்தாள், போனில் பேசுவது மாதிரி. சாலை ஓரத்தில் கயல் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வேன் போயிற்று. இரண்டு பஸ்கள். ஒரு இடைவெளி வந்தது. நானாக இருந்தால் கடந்திருப்பேன். அவள் கடக்கவில்லை. ஒரு பைக்காரன் அவளுக்காக நின்று கையைக் காட்டினான். அதற்கும் அவள் நகரவில்லை. இன்று மறந்துவிட்டாள், இதோ திரும்பி ரஞ்சனியைத் தேடப்போகிறாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் கால் வண்டியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. கணவர் என் முந்தானையைப் பிடித்தார்.

"கையப் பின்னாடி கட்டும்மா" என்றார். இவருக்கு யார் சொன்னது இதை?

கட்டினேன். விரல்களை இறுக்கிக் கோத்துக்கொண்டேன். ஒருபக்கம் கரும்புச்சாறு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "யாராவது பொம்பளைங்க கடக்கறதுக்காகக் காத்திருக்கு" என்றார் வெளித்தேர்வாளர், ரெக்கார்டைப் பார்த்தபடி. "எழுதியிருக்காங்க இதுல. பதிமூனு. பெண் எவரேனும் கடக்கும்போது அவருடன் சேர்ந்து கடத்தல்."

கூடையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். கயல் அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடி வலப்பக்கம். அவர்கள் கிளம்பியதும் கிளம்பினாள், நாலடி பின்னால் ரஞ்சனியும். நடுச்சாலையில் ஒரு பெண் அவள் தோளைத் தொட வந்தபோது, தோளைக் குலுக்கி விலகிக்கொண்டாள். முழுச் சாலையும் அவளுடைய காலால் கடந்தாயிற்று.

நீங்கள் இனி நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு உதவியை விலக்குவது பற்றி நடத்துவீர்கள். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவீர்கள். அந்த அம்புக்குறிக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒருமுறையாவது ஒரு சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு நடத்துங்கள். பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நான் சொல்லிக்கொடுத்ததையும் மாற்றிவிடுங்கள், இருவரிடமும் வாங்குங்கள். மாட்டேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், ரஞ்சனி மாதிரி ஒரு பிள்ளையை அனுப்பி அவரோடு உட்காரவையுங்கள். அன்றே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரெக்கார்டுல எழுதிக் குடுங்க மேடம், சிவப்பு மையில" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் அது பிறகு. அந்த நிமிடம் கயல் எங்கள் பக்கத்து நடைபாதையில் ஏறிவிட்டாள். கடை பத்தடியில் இருந்தது. கரும்பு வண்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள். அவிழ்ந்த சடை, புழுதி முகம். பின்னால் கட்டியிருந்த என் கை எப்போது அவிழ்ந்தது, எப்போது அவள் மணிக்கட்டைத் தேடி முன்னால் போனது, எனக்குத் தெரியாது.

கயல் ஒரு அடி பின்னால் போனாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள், கோட்டு போட்டவரைப் பார்த்தாள், கடைசியாக என் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"கைய எடும்மா" என்றாள். "டிக் போயிடும்."